அந்த விமானம் விலகிவிட்டதா?

நேயர்களுக்கு வணக்கம்.

மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத விமானிகளோடு பேசுவதுதான் எங்கள் வேலை. ஒருவர் தன்னை யாராக நினைத்துக்கொள்கிறார், எதைக் கேட்க எதிர்பார்த்திருக்கிறார், எந்த மொழியில் பேசுகிறார். இந்த மூன்றும் ஒரு சின்ன வாக்கியத்துக்குள் எப்படிப் புகுந்துவிடுகின்றன என்பதற்கு எங்கள் துறையில் நிறையச் சான்றுகள் உண்டு. விமானி அறைப் பேச்சு பதிவாகிக்கொண்டே இருக்கும். விபத்து நடந்தால் அந்தப் பதிவை நொடி நொடியாகக் கேட்டு எழுதிவைப்பார்கள்.

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனெரிஃபுக்குத் திருப்பி விட்டார்கள். அங்கிருந்தது சின்ன விமான நிலையம், ஒரே ஓடுபாதை. நின்றிருந்த விமானங்கள் பக்கப் பாதையையும் அடைத்துக்கொண்டதால், புறப்படுகிறவர்கள் ஓடுபாதையிலேயே நகர்ந்து அதன் மறுமுனைக்குப் போய்த் திரும்பி நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. தரையில் எந்த விமானம் எங்கே நிற்கிறது என்று காட்டும் ரேடார் அங்கே கிடையாது.

இரண்டு போயிங் 747 விமானங்கள். நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் முனைக்குப் போய்த் திரும்பி நின்றுவிட்டது. அமெரிக்காவின் பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில், பனிக்குள் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது.

கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் வான் சான்டன் அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி தரும் தலைமைப் பயிற்சியாளர். நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்ததே அவருடைய முகம்தான். பக்கத்தில் இருந்த இணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி உண்டு என்று சோதித்துச் சான்று தந்தவரும் அவர்தான். அவர் அதிக நேரம் செலவிட்டது, விமானி அறையைப் போலவே செய்த பயிற்சிக் கருவியில். அங்கே கட்டுப்பாட்டு அதிகாரியின் வேலையையும் பயிற்சியாளரே செய்வார். அனுமதிக்காகக் காத்திருக்கும் பழக்கம் அங்கே வராது. இதை விசாரணையாளர்களும் கவனித்தார்கள். அன்றைக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. பணி நேர விதிகள் கடுமையாக்கப்பட்டிருந்தன. நேரம் தாண்டினால் அன்று பறக்கவே முடியாது.

விமானம் திரும்பி நின்றதுமே கேப்டன் இயந்திரத்தின் விசையைக் கூட்டினார். “இருங்கள், இன்னும் அனுமதி வரவில்லை” என்றார் இணை விமானி. “தெரியும், கேளுங்கள்” என்றார் கேப்டன். இணை விமானி கேட்டார். கட்டுப்பாட்டுக் கோபுரம் கொடுத்தது வழித்தட அனுமதி மட்டும்தான்: எந்த உயரத்துக்கு ஏறுவது, எந்தப் பக்கம் திரும்புவது என்ற விவரம். ஓடத் தொடங்கலாம் என்ற அனுமதி அதில் இல்லை. ஆனால் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் அதற்குள் இருந்தது. இணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன் “போகிறோம்” என்று விசையைத் தள்ளிவிட்டார்.

ஒரு முறை கேப்டனைத் திருத்தியாகிவிட்டது. ஏறக்குறைய அரை நிமிடத்தில் இன்னொரு முறை திருத்துவதா, தனக்குச் சான்று கொடுத்தவரை? இணை விமானி கோபுரத்துக்குச் சொன்ன வாக்கியம்: “வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்.” புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம், புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டு அதிகாரி நிற்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார். “ஓகே” என்றார், ஒரு கணம் விட்டு, “காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்” என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானியும் “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்” என்று பேசினார். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற ஒலிதான் மிஞ்சும். கே.எல்.எம். அறைக்குள் தெளிவாக விழுந்தது ‘ஓகே’ மட்டும்தான்.

இதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. “ஓடுபாதையை விட்டு விலகியதும் சொல்லுங்கள்” என்று கோபுரம் பான் ஆமிடம் கேட்டதும், “சொல்கிறோம்” என்று அவர்கள் பதில் தந்ததும் கே.எல்.எம். அறைக்குள் கேட்டன. பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளர் மட்டும் அதைக் கவனித்தார். “அவர் இன்னும் விலகவில்லையா, அந்தப் பான் அமெரிக்கன்?” என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக, “விலகிவிட்டார்” என்றார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில நொடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்த 61 பேரும் பான் ஆம் விமானத்தில் இருந்தவர்கள்.

பணியில் சேர்ந்த புதியவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். பொறியாளருக்கு உண்மை தெரியும், வாய் திறந்தும் சொன்னார். ஆனால் கேள்வியாகச் சொன்னார். ‘நிறுத்துங்கள், அவர்கள் ஓடுபாதையில் இருக்கிறார்கள்’ என்ற வாக்கியம் அந்த மனிதருக்குள் நிச்சயம் இருந்திருக்கும். நான் பொறியாளன், எதிரில் இருப்பவர் நாடறிந்த கேப்டன் என்ற நினைப்பு அதை ஒரு சந்தேகமாக மாற்றி வெளியே அனுப்பியது. எதிரில் இருந்தவருக்கோ தன் மேல் சந்தேகமே இல்லை.

மொழியியலாளர் ஷார்லட் லிண்ட் 1980களில் இப்படிப்பட்ட விமானி அறைப் பதிவுகளை ஆராய்ந்தார். மேலதிகாரியிடம் பேசும்போது கீழே இருப்பவர் பேச்சை மென்மையாக்குகிறார். அப்படி மென்மையாகச் சொன்ன யோசனைகளே அதிகம் எடுபடாமல் போகின்றன. அவர் கண்டது இதுதான். எந்த அலுவலகத்திலும் இதைப் பார்க்கலாம், சரி. ஆனால் கோப்பு தாமதமானால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஓடுபாதையில் மறுநாள் என்பதே இல்லை.

அப்புறம் மொழி. 1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியாவின் அவியாங்கா விமானம் நியூயார்க்கை நெருங்கியது. மோசமான வானிலை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானிலேயே வட்டமிட வைத்தார்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் முயற்சியில் இறங்க முடியவில்லை. கேப்டன் ஸ்பானிய மொழியில் “அவசர நிலை என்று சொல்” என்றார். ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த இணை விமானி கோபுரத்திடம் சொன்னது: “மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது.” அதுவும் திசை எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு, வாக்கியத்தின் வாலில். “சொல்லிவிட்டாயா?” என்று கேப்டன் கேட்டார். “சொல்லிவிட்டேன்” என்றார் இவர். அவர் பொய் சொல்லவில்லை. தன் மனதில் அவர் சொல்லிவிட்டார். ஆனால் கட்டுப்பாட்டு அதிகாரியின் காது எதிர்பார்த்திருப்பது ‘எமர்ஜென்சி’ அல்லது ‘மேடே’ என்ற சொல்லை. மற்றதெல்லாம், வரிசையில் காத்திருக்கும் எல்லா விமானிகளும் சொல்கிற விஷயமாகவே காதில் விழும். விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

நம் நாட்டில் 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன 15,000 அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் போதாமல் இருந்ததையும், அவர்களுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாததையும் விசாரணை ஆணையம் சுட்டிக்காட்டியது. கோபுரத்தோடு பேசும் பொறுப்பு விமானிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரேடியோ ஆபரேட்டருடையது. உயரத்தைக் கேட்டவர் ஒருவர், விமானத்தை இறக்கியவர் வேறொருவர்.

இந்த விபத்துகளில் இருந்து துறை கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. டெனெரிஃபுக்குப் பிறகு, ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’தான். ஒன்பது என்ற எண்ணை நாங்கள் ‘நைனர்’ என்போம். இரைச்சலில் ‘நைன்’, ‘ஃபைவ்’ இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஆனால் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது. ‘எட்டாயிரம்’ என்று நான் சொல்கிறேன், விமானி ‘ஆறாயிரம்’ என்று திருப்பிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைத்த இரவுப் பணியில் என் காது அதை எட்டாயிரமாகவே வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் எதிர்பார்ப்பது எட்டாயிரத்தை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளமான காகிதச் சீட்டு எங்கள் முன்னால் இருக்கும், ஸ்ட்ரிப் என்போம். அதில் கொடுத்த உயரத்தை எழுதிவைப்போம். விமானி திருப்பிச் சொல்லும்போது பேனா முனை அந்த எண்ணின் மேல் நிற்க வேண்டும், அவர் சொல்லி முடிக்கும்வரை அடுத்த விமானத்தின் பக்கம் கண் போகக் கூடாது என்று இளையவர்களிடம் சொல்வேன். பேசுவதைவிடக் கேட்பதற்குத்தான் அங்கே அதிக உழைப்பு.

இதைவிடக் கடினமான மாற்றம் விமானி அறைக்குள் நடந்தது. 1979இல் நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கம் கூட்டியது. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கியது. கீழே இருப்பவர் சந்தேகத்தை நேராகச் சொல்ல வேண்டும், கேப்டன் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று உலகம் முழுக்க இது கட்டாயப் பயிற்சி. என் கருத்தைக் கேட்டால், பயிற்சியின் பெரிய பாதி கேப்டனுக்கானது. ‘தைரியமாகப் பேசு’ என்று சிறியவனிடம் சொல்வது சுலபம். அவன் பேசிய முதல் தடவை மேலே இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்பதில்தான் அவன் இரண்டாம் தடவை பேசுவானா என்பது இருக்கிறது.

மருத்துவத் துறையும் இதை எடுத்துக்கொண்டது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒரு முறை வாய் திறந்த செவிலியர், தவறு கண்ணில் பட்டால் மறுமுறையும் வாய் திறப்பார்.

நம் ஊர் மருத்துவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘புரிஞ்சுதாம்மா?’ என்று நீங்கள் கேட்டால், எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மா ‘புரிஞ்சுதுங்க’ என்றுதான் சொல்வார். உங்கள் முன்னால் அவருக்கு வேறு பதில் வராது. அதற்குப் பதிலாக, ‘இந்த மாத்திரைகளை வீட்டில் எப்படிச் சாப்பிடப் போறீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க’ என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை அடுத்த சீட்டைக் கையில் எடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.