கழித்து வந்த எண்

எல்லோருக்கும் வணக்கம். எச்.ஐ.வி தடுப்பு மருந்து ஆய்வில் புள்ளியியல் படித்தவருக்கு என்ன வேலை என்று வாசலிலேயே ஒரு மாணவி கேட்டார். "மாத்திரை எண்ணுகிற வேலைதாம்மா" என்றேன். சிரித்துவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2009இல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 'வாய்ஸ்' என்ற ஆய்வு தொடங்கியது. மொத்தம் 5,029 பெண்கள். சேரும்போது யாருக்கும் தொற்று கிடையாது. தினமும் மாத்திரை அல்லது ஜெல். சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை, வெறும் ஜெல். மாதாமாதம் மிச்சத்தோடு கிளினிக்குக்கு வரவேண்டும். டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவார்கள். 30 கொடுத்தோம், 3 திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 27 சாப்பிட்டார் என்று எழுதிக்கொள்வோம். அந்த 27ஐ யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கழித்து வந்த எண் அது.

இப்படி எண்ணியும் நேரில் கேட்டும் பார்த்ததில், கொடுத்ததில் பயன்படுத்தியது 90 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஆனால் தொற்று குறையவில்லை. 2011இல் இரண்டு பிரிவுகளை நிறுத்தினார்கள். எடுத்துவைத்த ரத்தத்தைச் சோதித்தால், மருந்து தென்பட்டது 30 சதவீத மாதிரிகளில், அல்லது அதற்கும் கீழே!

பொய் சொல்லிவிட்டார்கள் என்று திட்டுவது சுலபம். பிறகு அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நோயாளிகள் சாப்பிடும் அதே மருந்து இது. வீட்டில் டப்பாவைப் பார்த்தால் இவளுக்கே நோய் என்று பேச்சு கிளம்பும். அந்தப் பயத்தில் கொட்டியவர்கள் உண்டு. டாக்டர் கேட்டால் நாமும் "ஒழுங்கா சாப்பிடுறேன்" என்றுதானே சொல்கிறோம்?

மருந்து மோசமா என்றால், இல்லை. கென்யாவிலும் உகாண்டாவிலும் துணைவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 4,758 ஜோடிகளிடம் நடந்த ஆய்வில், வாய்ஸிலும் கொடுத்த ட்ருவாடா என்ற மாத்திரை, தொற்றில்லாத துணைவருக்குத் தொற்று வருவதை 75 சதவீதம் தடுத்தது. துணைக்கு நோய் இருப்பது அந்த வீட்டில் தெரிந்த சங்கதி. மாத்திரையை ஒளிக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள் என்பது என் கணிப்பு. ரத்தத்தில் மருந்து இருக்கிறதா என்று சோதிப்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள் என்று அதன்பிறகு நாங்கள் சண்டை போடாத கூட்டம் இல்லை.

2024இல் லெனகாபவிர் என்ற தடுப்பு மருந்தின் ஆய்வு முடிவு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை. அதே ஆய்வில் தினமும் ட்ருவாடா சாப்பிடக் கொடுத்த 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது. ஊசி கிளினிக்கில் போடுவது. போட்ட தேதியும் அங்கேயே படிவத்தில் ஏறிவிடுகிறது.