லெட்சுமியை எப்படி எழுதுவீர்கள்?

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் இருப்பது இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கம். மூட்டம் இறங்கிவிட்டதால் வெள்ளையாகத்தான் தெரியும், நம்பிக்கொள்ளுங்கள். இந்த முடக்கில்தான் போனுக்கு இரண்டு கோடு சிக்னல் வரும், கீழே லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, இறங்கினால் அதுவும் போய்விடும், அதனால் காலில் அட்டை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மக்கள்தொகைத் தரவு அறிவியலில் ஓர் அமெரிக்கக் கோடைகால ஆய்வு ஃபெலோஷிப் இருக்கிறது என்று சொல்லியிருந்தேனே, அது என்ன ஆனது, விண்ணப்பம் போட்டீர்களா என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போடவில்லை. போட முடியாது. கடைசிப் பக்கத்துக்குப் போன பிறகுதான் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும் என்ற வரியைப் பார்த்தேன். முதலில் வாசிக்க வேண்டிய வரியைக் கடைசியில் வாசிப்பது நமக்குப் பழக்கம்தானே. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இலிருந்து ஆர்.ஈ.யூ. என்ற பெயரில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இப்படி வாய்ப்புக் கொடுக்கிறது, அதிலும் இதே நிபந்தனைதான். எட்டிலிருந்து பத்து வாரம், கைச்செலவுக்குப் பணம், கூட இருந்து சொல்லித்தர ஒரு ஆய்வாளர், முடிவில் நீங்களே செய்த ஒரு சின்ன ஆய்வை எல்லோர் முன்னாலும் வைத்துப் பேச வேண்டும். பெரும்பாலும் இதுதான் அமைப்பு. ஆய்வுத் துறையில் ஆள் குறைவாக இருக்கும் சமூகங்களிலிருந்து வருகிறவர்கள், வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிறவர்கள், இவர்களை உள்ளே கொண்டுவரத்தான் இப்படிப் பல திட்டங்களைத் தொடங்கினார்கள். 2025இல் அங்கே அரசியல் மாறிய பிறகு பலவற்றின் பெயரும் நிபந்தனையும் மாறிவிட்டன, சில நின்றும் போயின. அங்கே இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் இந்த வருடத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் நான் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டுரை எழுதிவிட்டேனே! "உங்கள் பின்னணி இந்தத் துறைக்கு எதைக் கொண்டுவரும்?" என்பது கேள்வி. மக்கள்தொகைத் தரவு அறிவியலுக்கு லயக்காம்பராவிலிருந்து நான் எதைக் கொண்டுபோவது? இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. மூன்றாம் நாள் என் அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவின், பெயர் ஞாபகம் வந்தது.

அம்மாயி பெயர் லெட்சுமி. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், ஆங்கிலத்தில் எல், ஈ, டி, சி, எச், யூ, எம், ஐ என்று இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் லக்ஷ்மி, அதாவது எல், ஏ, கே, எஸ், எச், எம், ஐ. பிறப்புச் சான்றிதழில் நடுவில் எக்ஸ் போட்டு லக்ஸ்மி. பிறந்த வருடமும் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இரண்டு வருடம் கூட. முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, சேர்ந்த பணத்தை எடுக்கப் போனபோது ஓர் அலுவலகத்தில் "இது நீங்கள்தான் என்று எப்படி நம்புவது" என்று கேட்டார்கள். கிராம சேவகர் கடிதம், சத்தியக் கடதாசி, மறுபடியும் கடிதம். பதினான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் வெள்ளைச் சேலை உடுத்திப் போவார், ஆபிஸ் என்றால் அவருக்குக் கோயில் மாதிரி.

இந்தத் துறை செய்யும் முக்கியமான வேலை என்ன தெரியுமா? ஆஸ்பத்திரிப் பதிவு, பள்ளிக்கூடப் பதிவு, பிறப்பு, இறப்பு, தொகைமதிப்பு என்ற சனத்தொகைக் கணக்கெடுப்பு, இப்படி வெவ்வேறு இடத்தில் கிடக்கும் பதிவுகளை ஒரே ஆளுக்கு உரியவை என்று கண்டுபிடித்து இணைப்பது. இணைத்தால்தான், சின்ன வயதில் சாப்பாடு குறைந்த பிள்ளை பிறகு எத்தனையாம் வகுப்பில் நின்றது மாதிரியான கேள்விக்குப் பதில் கிடைக்கும். எல்லா நாட்டிலும் ஒரே அடையாள எண் எல்லாப் பதிவிலும் இருப்பதில்லை, அதனால் பெயர், பிறந்த திகதி, முகவரி, இவற்றை வைத்துத்தான் கணினி ஊகிக்கிறது.

அந்த ஊகத்துக்குப் பழைய கருவி ஒன்று உண்டு, சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை எடுத்தது. பெயரை ஒலியை வைத்து ஓர் எழுத்தும் மூன்று இலக்கமுமாகச் சுருக்கும். முதல் எழுத்து அப்படியே இருக்கும், உயிரெழுத்துகள் போய்விடும், மற்றவற்றுக்கு இலக்கம். நான் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். வங்கி லக்ஷ்மிக்கு எல் 250. எக்ஸ் போட்ட லக்ஸ்மிக்கும் எல் 250. சரி, நல்லது. செக்ரோல் லெட்சுமிக்கு? எல் 325! அந்த ஒரு 'டி' எழுத்து இடையில் புகுந்து 3 ஆகிவிட்டது. கணினிக்கு அம்மாயி இரண்டு பேர். ஒருவர் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தவர், இன்னொருவர் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்.

இப்போது சவுண்டெக்ஸை மட்டும் நம்பி யாரும் இணைப்பதில்லை என்று கெம்பஸ் ஆட்கள் சொல்வீர்கள், தெரியும். 1969இல் ஃபெலிகி, சண்டர் என்று இருவர் நிகழ்தகவு முறையில் ஒரு வழி எழுதினார்கள், இன்றைக்கும் பெரும்பாலும் அதன் மேல்தான் கட்டுகிறார்கள். அபூர்வமான பெயர் பொருந்தினால் கூடுதல் புள்ளி, எல்லோருக்கும் இருக்கும் பெயர் பொருந்தினால் குறைந்த புள்ளி. நியாயமான யோசனை. ஆனால் தோட்டத்தில் எங்கள் பிரிவில், எங்கள் டிவிஷனில், எத்தனை லெட்சுமி? எங்கள் லயத்திலேயே மூன்று பேர், பெரிய லெட்சுமி, சின்ன லெட்சுமி, மேட்டு லயத்து லெட்சுமி. ஆக பெயருக்குப் புள்ளி கிடைக்காது. முகவரிக்காவது கிடைக்குமா? எங்கள் லயத்தில் வீட்டு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், டிக்கோயா, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு ஒரே முகவரி, கடிதமும் தோட்டத்து ஆபிஸுக்குத்தான் வரும். கணினி கைவிட்டுவிடும். இணையாத பதிவுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், ஒதுங்குவது சீட்டுக் குலுக்கின மாதிரி யாரோ சிலர் இல்லை, நாங்கள்தான். இதைத்தான் கட்டுரையில் எழுதினேன். சின்ன லெட்சுமி வேறு ஆள் என்று தெரிந்தவர் அந்த மேசையில் ஒருவராவது இருக்க வேண்டாமா?

எழுதும்போது பழைய தொகைமதிப்புகளையும் புரட்டினேன். இலங்கையில் முதல் தொகைமதிப்பு 1871. மலையகத் தோட்டத்து ஆட்களான எங்களை "இந்தியத் தமிழர்" என்று தனி நிரலில் போட்டது 1911இல். 1971இல் நாங்கள் 11 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல், 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். பத்து வருடத்தில் மூன்றரை இலட்சம் குறைவு! இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தப்படி அங்கே கப்பல் ஏறியவர்கள் இதில் பெரும் பகுதி, எங்கள் தாத்தாவின் அண்ணன் குடும்பமும் அதில் போனதுதான். ஆனால் எல்லோரும் கப்பல் ஏறவில்லை. இங்கேயே இருந்துகொண்டு "இலங்கைத் தமிழர்" என்ற அடுத்த நிரலுக்கு மாறியவர்களும் உண்டு. நாட்டின் சனத்தொகையில் நாங்கள் 2012இல் 4.1 வீதம், 2024இல் 2.8 வீதம். 2024இல் "மலையகத் தமிழர்" என்ற பெயரையும் அந்த நிரலில் சேர்த்திருந்தார்கள், அப்படியும்.

கணக்கெடுக்க எங்கள் வீட்டுக்கு டெப்லட்டோடு வந்த தங்கச்சி, என்ன இனம் என்ற கேள்விக்கு வந்ததும் அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "இலங்கைத் தமிழர்னு போடுங்க பிள்ளை" என்றார் அம்மா. "ஏம்மா?" என்று நான் கேட்டதற்கு, "இந்தியன்னு எழுதினதுக்குத்தான் ஒருக்கா பொட்டி கட்டச் சொன்னாங்க" என்றார். எங்கள் ஆட்களைக் குடியுரிமை இல்லாமல் ஆக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அம்மாவுக்கு ஆண்டு கணக்கில் தெரியாது, இப்படித்தான் தெரியும். தேயிலைத் தூள் டின்னுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அட்டவணையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் போய் உட்கார்கிறது. மக்கள்தொகை குறைந்தது என்று ஒருவர் ஆய்வு எழுதினால், குறைந்தது ஆட்களா, பெயரா என்று கேட்கத் தெரிய வேண்டும்.

அப்புறம், ஃபெலோஷிப் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தளத்தில் நூறு நாடுகளுக்கு மேலான தொகைமதிப்புத் தரவு ஆள் ஆளாக, பெயர் நீக்கி இருக்கிறது. எதற்கு என்று எழுதிப் பதிவு செய்தால் இலவசம். கணக்குப் போட உதவும் ஆர் (R) மென்பொருளும் இலவசம். எங்கள் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012 அட்டவணைகள் கிராம சேவகர் பிரிவு வரைக்கும் இணையத்தில் உண்டு, பிடிஎஃப்பிலிருந்து பிடுங்கி எடுப்பது தலைவலி, ஆனால் அந்தத் தலைவலியில்தான் நான் பாதி பழகினேன்.

நான் இப்போது மலையகப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் சேர்க்கிறேன். ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று. லெட்சுமிக்கு மட்டும் இதுவரை பதினொன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் முதல் பெயர் எந்தெந்த மாதிரி எழுதப்பட்டிருக்கிறது என்று அனுப்புங்கள், எழுத்துகள் மட்டும் போதும். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், இலக்கமும் வேண்டாம், தயவுசெய்து.

மழை பிடித்துவிட்டது, இறங்கணும். காலையில் அம்மாயியிடம், உங்கள் பெயரை வீடியோவில் சொல்லப் போகிறேன் என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார், "எந்தப் பேரை?"