மூன்று ராகத்துக்கும் அதே ஆறு ஸ்வரம்! அமீர் கானின் மார்வா

(தம்பூரா ஒலி)

ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். தம்பூரா விடாமல் ஸா, ஸா என்று ஸட்ஜத்துக்குக் கூப்பிடுகிறது. பாடகரோ அதை ஒட்டி உரசும் கோமள (தாழ்ந்த) ரிஷபத்தில் போய் நிற்கிறார். கீழே இறங்குகிறார், சரி, இப்போது வந்துவிடுவார் என்று நினைத்தால் மந்திர (கீழ் ஸ்தாயி) தைவதத்தில் தங்கிவிடுகிறார். கேட்கும் நமக்கு நெஞ்சு தவிக்கிறது. அந்தத் தவிப்புதான் மார்வா என்ற இந்துஸ்தானி ராகம்.

பாடுபவர் இந்தோர் கரானாவின் (இந்துஸ்தானி இசையின் ஒரு பாணி) உஸ்தாத் அமீர் கான். 1912-இல் பிறந்து, 1974-இல் கல்கத்தாவில் கார் விபத்தில் மறைந்தவர். 1960-இல் வந்த எல்.பி. இசைத்தட்டு இது. மறுபக்கம் தர்பாரி ராகம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். மார்வாவில் பஞ்சமம் கிடையாது. மிச்சம் ஆறு: ஸ, கோமள ரி, க, தீவிர (உயர்ந்த) ம, த, நி. பூரியா, சோஹனி என்ற ராகங்களுக்கும் இதே ஆறுதான்! அப்படியானால் எப்படி மூன்று ராகம்? எங்கே தங்குகிறோம் என்பதுதான் விஷயம். காந்தாரத்திலும் நிஷாதத்திலும் சாய்ந்து, கீழ் ஸ்தாயியில் உலாவினால் பூரியா. துள்ளி மேல் ஸட்ஜத்தைப் பிடித்து அங்கேயே மின்னினால் சோஹனி, பின்னிரவு ராகம். ரிஷபத்தையும் தைவதத்தையும் பிடித்துக்கொண்டு ஸட்ஜத்தைத் தள்ளிப்போட்டால் மார்வா, பொழுது சாயும் நேரத்துக்கு. நம் கர்நாடக ராகம் ஹம்சானந்திக்கும் இதே ஆறுதான். சோஹனியைக் கேளுங்கள், 'அட, ஹம்சானந்தி!' என்பீர்கள். மார்வாவைக் கேட்டால் அப்படித் தோன்றாது. ஒரே குடும்பம் என்று நம்பவே கஷ்டம்.

பஞ்சமம் இல்லாததால், தம்பூராவில் வழக்கமாகப் பஞ்சமத்துக்குச் சேர்க்கும் தந்தியை நிஷாதத்துக்கோ தைவதத்துக்கோ சேர்ப்பார்கள்.

தாளம் ஜூம்ரா, 14 மாத்திரை, மிக மெதுவான விளம்பம். தபலா ஆர்ப்பாட்டமில்லாமல் டேகாவை, அதாவது தாளத்தின் அடிப்படைச் சொற்கட்டை மட்டும் வாசிக்கிறது. அதன் மேல் அமீர் கான் இரண்டு மூன்று ஸ்வரங்களையே மாற்றி மாற்றி அடுக்குகிறார். மேருகண்டம் என்பார்கள். மூன்று ஸ்வரம் என்றால் 6 வரிசை, நான்கு என்றால் 24. வெறும் கணக்காகப் போயிருக்க வேண்டியது, அவர் குரலில் பிரார்த்தனை மாதிரி கேட்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய மார்வா இல்லை.

இன்று சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் முழுதாகக் கேளுங்கள். அவர் ஸட்ஜத்தில் நிஜமாகவே வந்து உட்கார்ந்தார் என்று உங்களுக்குத் தோன்றும் நிமிடத்தை கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.