டேப்பெட் சத்தம் வராத இன்ஜினையும் ஏன் திறந்து பார்க்க வேண்டும்?

[காட்சி: காலை நேரம், பானெட் திறந்த கார். 10 விநாடிக்கு இன்ஜின் சத்தம் மட்டும்]

கேட்டீர்களா? டிக் டிக் டிக் என்று தையல் மிஷின் ஓடுவது போல ஒரு சத்தம். மெக்கானிக்குகள் இதை டேப்பெட் சத்தம் என்பார்கள். இது வந்தால் பதறிப்போய் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். வரவில்லை என்றால் நிம்மதியாக ஓட்டுகிறோம். சிலிண்டருக்குள் காற்று வரவும் புகை போகவும் திறந்து மூடும் கதவுதான் வால்வு. என்னைக் கேட்டால், சத்தமே போடாத வால்வுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அது எனக்கு இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் புரிந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

[காட்சி: வெட்டித் திறந்த சிலிண்டர் ஹெட்டின் வரைபடம்]

மேடுகள் உள்ள தண்டான கேம் ஷாஃப்ட் சுற்றும்போது ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோல் வால்வைக் கீழே அழுத்துகிறது, ஸ்பிரிங் அதைத் திரும்ப மேலே இழுத்து சீட்டில், அதாவது வால்வு பொருந்தி மூடும் வளையத்தில், உட்கார வைக்கிறது. இன்ஜின் 3,000 ஆர்பிஎம்-மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை இப்படித் திறந்து மூடுகிறது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ராக்கருக்கும் வால்வுத் தண்டின் மேல் முனைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். டேப்பெட் செட்டிங் என்பது இந்த இடைவெளியைச் சரிசெய்யும் வேலைதான்.

எவ்வளவு இடைவெளி? 2006-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் 1.8-ஐ எடுத்துக்கொள்வோம். காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கு 0.18 முதல் 0.22 மில்லிமீட்டர். புகை வெளியே போகும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.23 முதல் 0.27. சாதாரண தாள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வரும் கனம், அவ்வளவுதான். எக்ஸாஸ்டுக்கு ஏன் கூடுதல்? எரிந்த வாயு அதை உரசிக்கொண்டுதான் வெளியேறுகிறது. சூடு அதிகம், அதனால் அது நீளுவதும் அதிகம். அந்த நீட்சிக்கு இடம் விட வேண்டும்.

[காட்சி: வால்வு சீட்டின் நெருக்கமான படம்]

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கிலோமீட்டர் ஏற ஏற இந்த இடைவெளி இரண்டு திசையிலும் மாறலாம். ராக்கரின் முனையோ கேமோ தேய்ந்தால் இடைவெளி கூடும். அப்போதுதான் அந்த டிக் டிக். வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், கொஞ்சம் குறைவாகத் திறக்கும், இழுவை சற்றுக் குறையும். ஆனால் வண்டி சத்தம் போட்டு நம்மைக் கூப்பிட்டுவிடுகிறது.

வால்வு உட்காரும் சீட் தேய்ந்தால் நடப்பதே வேறு. வால்வு தன் சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது. புதையப் புதைய அதன் தண்டு ராக்கரை நோக்கி மேலே ஏறுகிறது. இடைவெளி சுருங்குகிறது, சத்தமும் அடங்குகிறது. ‘இன்ஜின் என்ன ஸ்மூத்தாக இருக்கிறது’ என்று நாம் சந்தோஷப்படும் நேரம் இது. இடைவெளி முழுக்கப் போய்விட்டால் வால்வால் சீட்டில் அழுத்தமாக உட்கார முடியாது.

உட்காராவிட்டால் என்ன? எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை இறக்கி வைப்பது அந்தச் சீட்டில்தான். மூடியிருக்கும் அந்தச் சில நொடித்துளிகளில் சூடு சீட்டுக்கும், அங்கிருந்து கூலன்ட்டுக்கும் போகிறது. ஒரு மயிரிழை திறந்திருந்தால் சூடு இறங்காது. போதாததற்கு, எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகப் பீறிட்டுக்கொண்டே இருக்கும். வால்வின் ஓரம் கருகி உதிர ஆரம்பிக்கும்.

என் பழைய காரில் இதுதான் நடந்தது. எல்பிஜி கிட் போட்ட வண்டி. டேப்பெட் சத்தம் கேட்கிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கே அளவு எதுவும் பார்க்காமல், காதால் கேட்டே சத்தம் அடங்கும்வரை, இடைவெளியைக் குறைக்கும் ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுத்தார்கள். நானும் மகிழ்ச்சியாக ஓட்டினேன். சில மாதம் கழித்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டி நடுங்க ஆரம்பித்தது. சூடேறியதும் சரியாகிவிடும். பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன். அப்புறம் மெதுவாக எந்நேரமும் மிஸ் அடித்தது, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடியது. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தபோது மூன்று சிலிண்டர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது, நான்காவதில் பாதிகூட வரவில்லை. ஹெட்டைக் கழற்றினால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கொறித்தது போல இருந்தது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒன்றை எடுத்துப் பார்த்திருந்தால் தப்பித்திருக்க வேண்டிய செலவு.

[காட்சி: ஒரே சட்டகத்தில் பெட்ரோல் முனையும் கேஸ் சிலிண்டரும்]

கேஸில் ஓடும் வண்டிக்கு இந்த ஆபத்து கூடுதல். பழைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மெல்லிய படலமாகப் படிந்து மெத்தை போல இருந்தது. ஈயம் நம் குழந்தைகளின் மூளைக்கு விஷம், 2000 பிப்ரவரியோடு இந்தியாவில் அது போனது மிக நல்லது. அதன் இடத்தை நிரப்பத்தான் கடினமாக்கிய சீட்டுகள் வந்தன. சிஎன்ஜி, எல்பிஜி இரண்டும் பெட்ரோலைவிடவும் வறண்ட எரிபொருள். பெட்ரோலுக்கென்றே செய்த சீட்டில் கேஸ் ஓட்டினால் தேய்மானம் வேகமெடுக்கும்.

சரி, எப்போது பார்ப்பது? முதலில் உங்கள் இன்ஜின் எந்த வகை என்று தெரிய வேண்டும்.

சில இன்ஜின்களில் ஹைட்ராலிக் டேப்பெட். இன்ஜின் ஆயிலின் அழுத்தமே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். ஸ்விஃப்ட் டீசலில் வந்த ஃபியட் 1.3 இன்ஜின் இந்த வகை. இதில் செட்டிங் வேலையே கிடையாது. சத்தம் நீடித்தால் முதலில் ஆயிலின் அளவையும் தரத்தையும் பாருங்கள்.

அடுத்தது ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள ராக்கர் வகை. மாருதி 800, முன்பு சொன்ன சிவிக் எல்லாம் இப்படித்தான். செட்டிங் செய்வது சுலபம், செலவும் குறைவு. மூன்றாவது, கேம் நேராகக் கிண்ணம் போன்ற லிஃப்டரை அழுத்தும் வகை. இதில் திருப்ப ஸ்க்ரூ இல்லை. இலங்கையில் நிறைய ஓடும் டொயோட்டா அலியன் 1.5-இன் 1 என்இஸட் இன்ஜினுக்கு 5.06 முதல் 5.74 மில்லிமீட்டர் வரை 35 கனங்களில் லிஃப்டர் உண்டு. அளந்து, கேம் ஷாஃப்ட்டைக் கழற்றி, பொருத்தமான கனத்தை எடுத்துப் போட வேண்டும். இந்த வகையில் இடைவெளி சீக்கிரம் மாறாது. அதனால் அடிக்கடி அளந்து பார்க்கவும் தேவையில்லை.

கிலோமீட்டர் கணக்குக்கு உங்கள் கார் மேனுவல் சொல்வதே முதல் சொல். அமெரிக்காவில் விற்ற அதே சிவிக்கில், டேஷ்போர்டில் 4 என்ற எண் வந்தால் ஸ்பார்க் பிளக்கை மாற்று, வால்வு இடைவெளியைப் பார் என்று பொருள். நடுவில் சத்தம் வந்தால் மட்டும் செட்டிங் செய்யச் சொல்கிறது மேனுவல். சத்தம் பாதி விஷயத்தைத்தான் சொல்லும் என்பதால், ஸ்க்ரூ வகை இன்ஜினில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது என் பழக்கம். கேஸ் வண்டியென்றால் 20,000. இது என் சொந்தக் கணக்கு. மேனுவல் அதைவிடச் சீக்கிரம் பார்க்கச் சொன்னால் அதைக் கேளுங்கள். காலையில் மட்டும் நடுக்கம், ஐடிலில் மிஸ்ஸிங், காரணமில்லாமல் இழுவை குறைவது, இவை வந்தால் கிலோமீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம்.

எல்லா டிக் டிக்கும் டேப்பெட் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்டர் இயல்பாகவே அப்படித்தான் தட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கேஸ்கெட் லீக் ஆனாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான்.

[காட்சி: ஃபீலர் கேஜ் ராக்கருக்கு அடியில் நுழைகிறது]

ஒர்க்‌ஷாப்பில் விடுவதென்றால் முந்தைய நாள் மாலையே விட்டுவிடுங்கள். சிவிக்கில் ஹெட்டின் சூடு 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அளக்கச் சொல்லும் பழைய இன்ஜின்களும் உண்டு, அதற்கு அளவு வேறு. இரண்டையும் குழப்பிவிட்டால் செய்த வேலை வீண்.

ஹெட் கவரைக் கழற்றி, கிராங்கைக் கையால் சுற்றி, பார்க்கும் சிலிண்டரின் வால்வுகள் முழுக்க மூடிய நிலைக்குக் கொண்டுவருவார்கள். ஃபீலர் கேஜை நுழைத்து இழுத்தால் லேசான பிடிமானம் தெரிய வேண்டும். லாக் நட்டை முடுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் முடுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். மூடும்போது ஹெட் கவர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆயில் கசியும்.

இன்னொன்றும் கேளுங்கள், கூச்சப்படாமல். செட்டிங்குக்கு முன்னால் இருந்த அளவு, பின்னால் வைத்த அளவு, 16 வால்வு உள்ள இன்ஜினென்றால் 16-க்கும் ஒரு தாளில். ‘சரி பண்ணிட்டோம்’ என்ற சொல் போதாது. போன முறை 0.25-இல் வைத்த எக்ஸாஸ்ட் வால்வு இந்த முறை 0.19 காட்டினால், அந்தச் சீட் புதைந்துகொண்டிருக்கிறது. மற்ற 15-உம் அசையாமல் இருந்தால், அடுத்து அந்த ஒன்றை மட்டும் 10,000 கிலோமீட்டரிலேயே திரும்பப் பாருங்கள்.

[காட்சி: கையால் எழுதிய அளவுத் தாள், கார் கதவுப் பையில்]