கரைக்கு வராத சூரை: கிரிபாஸ் நாட்டின் பொருளாதாரம்

[காட்சி: திருகோணமலை, கொட்பே மீன்பிடித் துறைமுகம். அதிகாலை.]

வணக்கம். பலநாள் படகொன்றின் அடித்தட்டிலிருந்து சூரை மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. செவுளில் ஐஸ் துகள் ஒட்டியிருக்க, தராசில் ஏறி, விலை பேசப்பட்டு, அவை லொறிக்குப் போய்விடும். மீன் இங்கே கரையேறுவதனால்தான் ஐஸ் உடைப்பவர், லொறிச் சாரதி, கருவாடு போடும் பெண்கள் என்று இத்தனை பேருக்கு வருமானம் கிடைக்கிறது. இதே சூரையை நம்பி வாழ்ந்தாலும், அதைப் பெரும்பாலும் கரையேற்ற முடியாத ஒரு நாட்டைப் பற்றியே இன்று பேசப்போகிறோம்.

[காட்சி: பசிபிக் சமுத்திர வரைபடம்.]

எழுத்தில் கிரிபாட்டி, அந்நாட்டவர் உச்சரிப்பது கிரிபாஸ். பிரித்தானியாவிடமிருந்து 1979 யூலை 12இல் சுதந்திரம் பெற்ற இந்நாட்டின் 33 தீவுகளையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீற்றர்தான். அது நமது திருகோணமலை மாவட்டத்தின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஆனால் அதற்குரிய கடலோ ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீற்றர். சுமார் 1,20,000 மக்களில் பாதிப்பேர் தலைநகர்ப் பகுதியான தெற்குத் தராவாவில் நெருங்கி வாழ்கிறார்கள். பவளப்பாறை மண்ணில் தென்னையும் தாழையும் வளரும், நெல் விளையாது. அரிசி கப்பலில்தான் வர வேண்டும்.

ஒரு காலத்தில் பனாபா தீவின் பொஸ்பேற்றுத்தான் நாட்டின் செல்வம். அது அவுஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாகிப் போக, பனாபா மக்களில் பெரும்பாலோர் 1945இல் பிஜியின் ராபி தீவுக்குக் குடியேற்றப்பட்டார்கள். சுதந்திரம் வந்த அதே ஆண்டில் சுரங்கமும் தீர்ந்தது. பொஸ்பேற்று வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி 1956இல் தொடங்கிய சேமிப்பு நிதி மட்டும் எஞ்சியது. வெளிநாடுகளில் முதலிடப்பட்டு இன்று ஒரு பில்லியன் அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டி நிற்கும் அந்த நிதியை, வறுமைக்கு நடுவிலும் கரைத்துவிடாமல் காத்ததை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

வெளித்தீவுக் குடும்பங்களுக்குக் கொப்பரைதான் கைக்காசு. சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து அரசே அதை வாங்குகிறது.

[காட்சி: தராவா களப்பு. அருகருகே இரண்டு கப்பல்கள்.]

அரசின் வருமானத்தில் மிகப் பெரும் பங்கு மீன்பிடி அனுமதிக் கட்டணம். முன்பு தூரநாட்டுக் கப்பல்கள் ஒவ்வொரு தீவு நாட்டுடனும் தனித்தனியே பேரம் பேசி, அற்பத் தொகையில் காரியத்தை முடித்துக்கொண்டன. 1982இல் நவுரு உடன்படிக்கையின் கீழ் ஒன்றுசேரத் தொடங்கிய பசிபிக் நாடுகள், 2007இல் கப்பல்களுக்கு 'மீன்பிடி நாட்களை' விற்கும் முறையைக் கொண்டுவந்தன. மொத்த நாட்களுக்கு வரம்பிட்டு, ஒரு நாளுக்கு அடிவிலையும் வைத்தார்கள். அது பின்னர் 8,000 அமெரிக்க டொலராக உயர்ந்தது. சேர்ந்து நின்றதனால் கிடைத்த விலை இது.

ஆயினும் தொழில் கரைக்கு வரவில்லை. நன்னீரும் மின்சாரமும் போதாமல், கப்பற்கூலியும் அதிகமான இடத்தில் பெரிய தகரமீன் தொழிற்சாலை நிலைப்பது கடினம். ஆகவே தராவா களப்பில் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றப்படும் சூரை, ஐஸ் உடைக்கும் ஒரு கைக்குக்கூட வேலை தராமல் தாய்லாந்து போன்ற நாடுகளின் ஆலைகளுக்குப் போய்விடுகிறது.

பசிபிக்கின் நடுப்பகுதிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில், அந்தச் சூடான நீரைத் தொடர்ந்து சூரைக் கூட்டம் கிழக்கே கிரிபாஸ் கடலுக்குள் வரும். அப்போது வருமானம் ஏறும், மற்ற ஆண்டுகளில் இறங்கும். கடல் தொடர்ந்து சூடாகி, அந்தக் கூட்டம் எல்லை தாண்டிப் பொதுக்கடலுக்குப் போய்விட்டால், அங்கே பிடிக்கும் மீனுக்குக் கிரிபாஸ் கட்டணம் கேட்க முடியாது.