வெந்நீர்க் குழாய் மட்டும் ஏன் மெதுவாக வருகிறது? கானாடுகாத்தான் வீட்டில் மாற்றிப் பார்த்தேன்

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டை ஒட்டிய குளியலறையில் நின்று பேசுகிறேன். இங்கே பச்சைத் தண்ணீர்க் குழாயில் 20 லிட்டர் வாளி 2 நிமிடத்தில் நிறைகிறது. பக்கத்திலிருக்கும் வெந்நீர்க் குழாயிலோ 6 நிமிடம் ஆனது. வாளி நிறைவதற்குள் வெந்நீர் ஆறிவிடுகிறது என்று அப்பத்தா அலுத்துக்கொண்ட பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

கீசரை அணைத்து, உள்ளிருந்த தண்ணீர் நன்றாக ஆறியபின், கீசருக்குள் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைச் சுவரிலிருந்து கழற்றினேன். சுண்ணாம்புக் காரைச் சுவருக்குள் இருப்பது பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்பதால், புரி முறிந்துவிடுமோ என்று கொஞ்சம் பயந்துகொண்டேதான் திருகினேன். பிறகு வாளியைப் பிடித்தபடி வால்வை மெல்லத் திறந்தேன். வெறும் பைப்பிலிருந்து தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. அப்படிக் கொட்டாமல் நூலாக வந்திருந்தால், அடைப்பு கீசரிலோ பைப்பிலோ இருக்கிறதென்று பொருள். புதுக் குழாய் வாங்குவது வீண்செலவாகியிருக்கும்.

கழற்றிய குழாயை அருகில் காட்டுகிறேன், பாருங்கள். ரப்பர் வாஷர் சூட்டிலேயே கிடந்து உளுந்து வடை போல உப்பியிருக்கிறது. அது உட்காரும் வாயைச் சுற்றி வெள்ளைப் படிவு இறுகியிருக்கிறது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடாகும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிவதால்தான், பச்சைத் தண்ணீர்ப் பக்கம் நன்றாக இருக்கும்போதே வெந்நீர்ப் பக்கம் அடைத்துக்கொள்கிறது.

காரைக்குடியில் கடைக்காரர் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர் குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. எங்கள் மாடித் தொட்டி குழாயிலிருந்து 4 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆகவே கிடைப்பது 0.4 பார். அந்த மிக்சரின் அட்டையிலோ குறைந்தது 1 பார் வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. கால் திருப்பில் திறக்கும் பீங்கான் வட்டுக் குழாயையும் முழுதாகத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துவாரம் சிறியதாக இருந்தது. கடைசியில், வாய் அகலமான பழைய பாணிப் பித்தளைத் திருகு குழாயையும், வெந்நீருக்கென்றே விற்கும் வாஷர் இரண்டையும் வாங்கிவந்தேன்.

புரியில் டெஃப்லான் டேப்பைக் குழாய் முறுகும் திசையிலேயே பன்னிரண்டு சுற்றுச் சுற்றிப் பொருத்தினேன். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்துவிடும். இப்போது அதே வாளி இரண்டரை நிமிடத்தில் நிறைகிறது. பச்சைத் தண்ணீர்க் குழாயில் குறையில்லாததால் அதைத் தொடவில்லை. ஒன்று மங்கலும் ஒன்று பளபளப்புமாக ஜோடி சேராமல் நிற்கின்றனவே என்று அப்பத்தாவுக்கு இப்போது அந்தக் குறை.