கரையில் நின்றவர்களின் குரல்

(உலக ஒலி-ஒளி மரபு நாளையொட்டி மட்டக்களப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒக்டோபர் 27ஆம் திகதியை ஒலி-ஒளி மரபுக்கான நாளாக யுனெஸ்கோ வைத்திருக்கிறது. நமக்கு அது மழைக்காலம் தொடங்கும் நேரம். அலுமாரிகளுக்குள் ஈரம் ஏறத் தொடங்கிவிட்டது. பழைய கசற்றுகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் வேறு இல்லை என்று நினைத்துத்தான் வந்திருக்கிறேன்.

இங்கிருந்து கிழக்கே போனால் கடல். கரையில் இருந்து சுமார் ஒன்பது கிலோமீற்றர் தள்ளி, ஐம்பது மீற்றருக்கும் மேலான ஆழத்தில், ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாடுகளில் இருந்து சுழியோடிகள் நம் ஊருக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதன் கதை தெரியும்?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, அட்மிரல் நகுமோவின் கப்பல்களில் இருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. தாக்குதல் வரும் என்று முதல்நாளே தெரிந்துவிட்டதால், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடு இரவாக வெளியே அனுப்பியிருந்தார்கள். ஹெர்மீஸ் அப்படித்தான் தெற்கே நம் பக்கம் வந்தது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் என்ற பெருமை அதற்கு உண்டு. அன்று அதன் தளத்தில் ஒரு போர் விமானம்கூட இல்லை. திருகோணமலைக்குத் திரும்பும் வழியில், முற்பகல் பத்தரை மணிக்குப் பிறகு, குண்டுவீச்சு விமானங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. காப்பாற்ற அனுப்பிய விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் தாழ்ந்துவிட்டிருந்தது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். கூடவே வந்த வம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அன்றே மூழ்கியது. ஹொலிஹொக் என்ற சிறிய போர்க்கப்பலுக்கும் அதே கதிதான். வீற்றா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரில் இருந்து தூக்கியது. சிலர் நீந்தி நம் கரையில் ஏறினார்கள்.

சரி, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கடற்படை ஆவணங்கள் இருக்கின்றன. அதோடு குரல்களும் இருக்கின்றன. லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1972ஆம் ஆண்டு ஒலிக் காப்பகத்தைத் தொடங்கி, போரில் நின்றவர்களை மணிக்கணக்கில் பேச வைத்துப் பதிந்தது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 2,000 முன்னாள் படையினரின் நேர்காணல்கள் சேகரிக்கப்பட்டன. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் அதே வேலையைச் செய்கிறது. ஜப்பானிய விமானிகளும் பேசியிருக்கிறார்கள். கப்பலில் நின்றவர் பக்கத்துக் கதை இருக்கிறது. குண்டு போட்டவர் பக்கத்துக் கதை இருக்கிறது. கரையில் நின்று பார்த்தவர் சொன்னது எங்கே இருக்கிறது?

அது நம் வீடுகளில் இருக்கிறது. அரசாங்கக் கட்டடம் எதிலும் இல்லை. 1942இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. புதிதாகப் போய்க் கேட்க ஆட்கள் அரிது. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஓர் ஆசிரியரோ, ஒரு குருவானவரோ, பல்கலைக்கழகக் கட்டுரைக்காக ஒரு பேரப்பிள்ளையோ, கசற் ரெக்கோடரை முன்னால் வைத்துப் பேசச் சொன்ன பேச்சுகள் உண்டு. அலுமாரியின் அடித்தட்டில் பிஸ்கற் ரின்னுக்குள் கிடப்பவை அவைதான்.

நம் ஊருக்கு ஒலிப்பதிவு புதிதல்ல. லாங் அடிகளார் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி கல்லடிப் பாலத்தடியில் பாடுமீனின் ஓசையைப் பதிந்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. மீனின் ஓசைக்கே ஒருவர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். மனிதர் பேசியதற்கு நாம் அதில் பாதியாவது பட வேண்டாமா?

நான் கேட்ட ஒரு கசற்றைப் பற்றிச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் பதிந்தது. பேசுபவர் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெத்தா. கேள்வி கேட்பது பேரன். பின்னால் சேவல் கூவுகிறது, யாரோ தேங்காய் துருவுகிறார்கள். "எண்டைக்குப் பெத்தா அந்தச் சத்தம் கேட்டது?" என்று பேரன் கேட்கிறான். பெத்தா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு வாய்க்குள் எண்ணுகிறார். "பெரிய வெள்ளி முடிஞ்சி, உயிர்த்த ஞாயிறும் போயித்து… திங்கள், செவ்வாய், புதன்… வியாழன் மனே. வியாழக்கிழமை. வருசத்துக்கு இன்னும் நாலஞ்சு நாள் கிடந்திச்சு."

நாட்காட்டியைப் புரட்டினேன். 1942இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5. அன்றுதான் கொழும்பில் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 வியாழக்கிழமை. சித்திரை வருடப் பிறப்புக்கு நாலைந்து நாள் முந்தி. பெத்தா சொன்னதில் ஒரு நாள்கூடப் பிசகில்லை.

அதே பேச்சின் இன்னொரு பிரதி ஒரு சீடியில் இருக்கிறது. எங்கோ ஒரு நிகழ்ச்சிக்காக வெட்டித் திருத்தியது. அதில் அறிவிப்பாளர் ஒருவர் கணீரென்ற குரலில் "1942 ஏப்ரல் 9ஆம் திகதி" என்கிறார். உடனே பெத்தா குண்டுச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார். சேவல் இல்லை, தேங்காய் துருவும் சத்தம் இல்லை, மௌனம் இல்லை, எண்ணியதும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்று ஆசிரியருக்கு வேண்டிய சான்றே வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அவர் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பத்திரிகை பார்த்துச் சொல்லவில்லை, தன் நினைவில் இருந்து எண்ணி எடுத்தார் என்பதற்கு அந்த எண்ணிக்கைதான் சாட்சி. அந்த மூலக் கசற் கிடைத்திராவிட்டால் இதை யாரும் அறிந்திருக்க முடியாது.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். வெட்டாதீர்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கை வைக்காதீர்கள். இருமல், தடுமாற்றம், "இல்லை இல்லை, அது வேற நாள்" என்று திருத்திச் சொன்னது, எல்லாம் அப்படியே இருக்கட்டும். மேடைக்கும் வானொலிக்கும் வேண்டுமானால் ஒரு பிரதி எடுத்து அதில் என்னவும் செய்யுங்கள். எழுத்தில் இறக்கும்போதும் பெத்தாவின் பேச்சைப் பாடப்புத்தகத் தமிழாக்க வேண்டாம். காத்தான்குடி மூத்தப்பாவின் பேச்சு அவர் பேச்சாகவே இருக்கட்டும். அம்பாறைச் சிங்களப் பெரியவரின் பேச்சும், மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுப் பேச்சும் அப்படித்தான். ஜப்பான் குண்டு விழுந்தபோது இவர்கள் எல்லோரும் ஒரே கரையில்தான் நின்றார்கள். பர்மா ஜப்பானியரிடம் விழுந்து அரிசி வராமல் போனபோது பங்கீட்டுக் கூப்பனுக்கு ஒரே வரிசையில்தான் நின்றார்கள். அந்தக் கூப்பன் காலத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பதிவுகளில் வருகிற பேச்சு எந்தக் கடற்படை ஆவணத்திலும் கிடைக்காது.

பெரியவர்களின் நினைவு பிழைக்காதா என்று கேட்பார்கள். பிழைக்கும். பேர்ல் துறைமுகத் தாக்குதலிலும் இலங்கைத் தாக்குதலிலும் விமானங்களை நடத்திவந்த மிற்சுவோ ஃபுச்சிதா, ஜப்பான் தன் விமானந்தாங்கிகளை இழந்த மிட்வே கடற்சண்டையைப் பற்றிப் பின்னாளில் சொன்னது பல ஆண்டுகள் வேதவாக்காக இருந்தது. ஜப்பானியக் கப்பல்களின் தளம் நிறைய விமானங்கள் நின்றன, இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் அவை பறந்திருக்கும் என்றார். ஜப்பானிய ஆவணங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அந்த நேரத்தில் தாக்குதல் விமானங்கள் தளத்துக்கே வரவில்லை, கீழ்த்தட்டில்தான் நின்றன என்று காட்டினார்கள். அவர் சொன்னது பிழை என்பதற்காக அதை யாரும் எறிந்துவிடவில்லை. சொன்னது சொன்னபடி இருந்ததால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஏன் அப்படிச் சொன்னார் என்பதே இன்றைக்கு ஆய்வுப் பொருள். நம் பெரியவர்களின் பிழையும் அதேபோல் முழுதாக இருக்க வேண்டும்.

இதில் வரலாற்று ஆசிரியர்களின் பேச்சுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் அறிஞர்கள் கோயில் வீதிகளிலும் பாடசாலை மண்டபங்களிலும் எவ்வளவோ பேசினார்கள். பேசியதில் கால்வாசிகூட அச்சுக்கு வரவில்லை. அந்தப் பேச்சுகளைப் பதிந்து வைத்திருக்கக்கூடியவர்கள் லவுட்ஸ்பீக்கர்காரர்கள். கூட்டம் முடிந்ததும் கசற்றை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தாங்கள் வைத்துக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. கூத்துப் பதிந்த கசற்றின் மறுபக்கத்தில் அரைமணி நேர வரலாற்றுப் பேச்சு இருக்கலாம். மேலே ஒட்டிய பெயரை நம்பி ஒதுக்கிவிடாமல் இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும்.

அப்புறம், வேலையை எப்படிச் செய்வது. கசற்றுக்குள் இருக்கும் நாடா நாலு மில்லிமீற்றர் அகலம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் இழை. அதன்மேல் காந்தப் பூச்சு. நம் ஊர் ஈரம் அந்தப் பூச்சையும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பசையையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரியும். நாடாவைப் பிளேயரின் தலையோடு, அதாவது நாடாவில் உள்ள குரலை வாசிக்கும் பகுதியோடு, அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு ஒன்று கசற்றுக்குள் உண்டு. பழசானால் அதன் பசை விட்டுக் கழன்றுபோகும், உடனே குரல் மங்கும். நாடா பழுதாகிவிட்டது என்று நினைத்து எறிகிற பல கசற்றுகளில் பழுது இவ்வளவுதான். நாடாவை நல்ல கூட்டுக்கு மாற்றினால் குரல் திரும்ப வரும். 60 நிமிடக் கசற்றைவிட 90 நிமிடத்தினது மெல்லிய நாடா. 120 நிமிடக் கசற் அதைவிட மெல்லியது, பழைய பிளேயரில் சிக்கினால் அறுந்துவிடும்.

பிளேயரின் தலையை அற்ககோலால் துடைத்து, நாடாவை ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்டு, தலையின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். பேசுபவரின் 'ச', 'ஸ' எழுத்துகள் தெளியும் வரை ஒரு சிறு திருகாணியைத் திருப்புவது, அவ்வளவுதான். இதைச் செய்யாமல் ஆயிரம் மணிநேரம் பதிந்தாலும் எல்லாம் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோலத்தான் இருக்கும். கணினியில் பதியும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைற் பிடிக்கும். இடம் போகிறதே என்று எம்பி3 ஆக மட்டும் வைக்காதீர்கள். அது கேட்பதற்கான பிரதி. வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பியது அதைவிடவும் சுருங்கியது. அதைக் காப்பு என்று எண்ணவே கூடாது.

நேரமும் குறைவு. காந்த நாடாக்களைப் போட்டுக் கேட்கும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் 2025ஆம் ஆண்டளவில் அருகிவிடும் என்று யுனெஸ்கோவும் உலக ஒலிக் காப்பகச் சங்கமும் சேர்ந்து எச்சரித்தன. நல்ல பிளேயரைத் திருத்தத் தெரிந்தவர்கள் நம் ஊரிலும் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களையும் இந்த வேலைக்குள் கொண்டுவர வேண்டும், கூலி கொடுத்து, மரியாதையோடு.

பிரதிகள் மூன்று வேண்டும். அதில் ஒன்று இந்தக் கரையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியில் இந்த ஊரின் கூரைகள் போனபோது எத்தனை புத்தகங்களும் ஏடுகளும் நனைந்து கூழாயின என்று பெரியவர்களைக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் கல்லடியிலும் வீடே போன இடத்தில் கசற் எங்கே மிஞ்சும்? ஒரே தெருவில் மூன்று வீட்டில் மூன்று பிரதி வைத்தால் அது ஒரு பிரதிக்குச் சமம். நூலகம் நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வைத்துவருகிறது. அதுபோன்ற இடத்தில் ஒன்று, ஊரில் ஒன்று, குடும்பத்திடம் ஒன்று என்று இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. போர் என்றவுடன் இந்த அவையில் யாருக்கும் 1942 முதலில் நினைவுக்கு வந்திருக்காது. நம் வீட்டு வாசலில் நடந்த போரைப் பற்றிய பேச்சுகளும் கசற்றுகளில், கைப்பேசிகளில் இருக்கின்றன. அவற்றையும் இதே கவனத்தோடு பதிந்து காக்க வேண்டும். ஆனால் திறந்துவிட அவசரப்படக் கூடாது. பேசியவர் உயிரோடு இருக்கிறார். அவர் பெயர் சொன்ன மற்றவர்களும் உயிரோடு இருக்கலாம். யார் கேட்கலாம், எத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று பேசியவரே சொல்லட்டும். அதை எழுத்தில் வாங்கிப் பதிவோடு சேர்த்து வையுங்கள். இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால், அதற்கு மேல் பேச்சில்லை.

கடைசியாக, வீட்டில் கசற் வைத்திருப்பவர்களுக்கு. இன்றிரவு தேடி எடுங்கள். எடுத்தவுடன் பழைய ரேடியோவில் போட்டுக் கேட்டுப் பார்க்காதீர்கள். ஒருமுறை சிக்கினால் அந்த இடத்துக் குரல் போய்விடும். மேலே உள்ள எழுத்தைப் படம் பிடியுங்கள். கசற்றின் முதுகில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள், பிறகு யாரும் அதன்மேல் பதிய முடியாது. பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, காய்ந்த டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள்.